சுழிக்குப் பின்னால் வரும் பெயர்

என் மகள் முதன்முதலாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலை கேட்டு மெயில் அனுப்பியபோது நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போனில் விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். சத்தம் வரவில்லை, எதுவும் அசையவில்லை.

"போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சுங்கப்பா."

"அதுக்குள்ளயா?"

"இந்நேரம் அவிய ஆபீஸ்ல இருக்கும்."

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி திருப்பூரில் அவிநாசி ரோட்டில் இருக்கிறது. துணி ரோல்களுடன் டெம்போவில் ஏறி நான் பலமுறை அங்கே போயிருக்கிறேன். பாலத்தில் நிற்க வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும், கேட்டில் செக்யூரிட்டி பெயர் எழுதும்வரை நிற்க வேண்டும். என் மகளுடைய படிப்பும் மார்க்கும் போட்டோவும் இது எதிலும் நிற்காமல் உள்ளே போய்விட்டன. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். இதையெல்லாம் மற்றவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்றுவரை அப்படி ஆகவில்லை.

நான் ஒரு கம்பேக்டிங் யூனிட்டில் ஆபரேட்டர். சாயம் போட்டு வரும் பின்னல் துணியை நீராவி காட்டி, உருளைக்கு நடுவே விட்டு, பின்னால் சுருங்காதபடி அகலம் பிடித்து மடித்துத் தருவது எங்கள் வேலை. பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணியைச் செய்து கொடுத்துக் கூலி வாங்குகிற ஜாப் ஒர்க் யூனிட்தான் எங்களுடையது. என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பேருக்கும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. எங்கள் மகள் ஆடை வடிவமைப்புப் படிப்பை முடித்துவிட்டு மெர்சண்டைசர் ஆக ஆசைப்பட்டாள். வெளிநாட்டுக்காரர் கேட்கிற உடுப்பை நூல் வாங்குவதிலிருந்து கப்பலில் ஏற்றுவது வரை விடாமல் தொடர்ந்து கவனிக்கிற வேலை அது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பொங்கலுக்குள் கிடைக்காவிட்டால் அம்மாவோடு செக்கிங் டேபிளுக்குப் போய்விடுவதாக அவளே சொல்லியிருந்தாள். அவள் சொன்னது எங்களுக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் இரவில் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

மெயில் அனுப்புவதற்கு ஒரு விலாசம் வேண்டும். அவளிடம் பழையது ஒன்று இருந்தது. பத்தாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக பஸ் ஸ்டாப் பக்கத்து மொபைல் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. அவர் இவள் பெயரைப் போட்டு, முன்னால் 'க்யூட்' என்றும், பின்னால் இவளுக்குப் பிடித்த நடிகரின் பெயரையும், அதற்குப் பின்னால் நாலு எண்களையும் சேர்த்திருந்தார். கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அதை உரக்கப் படித்தார்களாம். பையன்கள் சிரித்தார்களாம். வந்தவரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். காரணம் எங்களுக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதைக் கேள்விப்பட்ட எங்கள் முதலாளிக்கு மனசு பொறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வராமல் இருந்ததில்லை.

"அந்தக் கருமத்த எதுக்குக் குடுக்கற? நம்ம கம்பெனி பேருல பாப்பாவுக்கு ஒண்ணு போட்டுத் தரச் சொல்றன். பாக்கறவனுக்கு ஒரு மருவாதி வரும்" என்றார்.

கணக்கு பார்க்கிற பெண் அன்றைக்கே போட்டுக் கொடுத்தாள். முன்னால் என் மகள் பெயர். நடுவில் ஒரு சுழி. அதற்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் பெயர். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அந்தக் கம்பெனிப் பெயரின் உருவம் தெரியும். கேட்டில், டெம்போவில், பில்லில், தீபாவளிக்குத் தருகிற பையில் என்று அதைப் பார்க்காத நாள் கிடையாது. அதே எழுத்துகள் சின்னதாக என் மகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பிள்ளையார் சுழியை முதலில் போடுவதுதான் வழக்கம், இவர்கள் நடுவில் போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

அந்த விலாசத்திலிருந்துதான் அவள் அவிநாசி ரோட்டுக் கம்பெனிக்கும், இன்னும் பல கம்பெனிகளுக்கும் அனுப்பினாள். எதற்கும் பதில் வரவில்லை. வேண்டாம் என்றுகூட யாரும் எழுதவில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் போனை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். முதலாளியும் தினம் காலையில் கேட்பார்.

"வந்துச்சாப்பா?"

"இல்லீங்க."

"அதெப்படி? நம்ம பேரு போட்டுமா?" அவருக்கு அது கௌரவப் பிரச்சினை போல ஆகிவிட்டது. ஒரு நாள் சொன்னார்: "அமாவாசை போகட்டும். வெள்ளிக்கெழம நல்ல நாளு. நானே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டு, நம்ம பொண்ணுதான், பாத்து எடுத்துக்கங்கன்னு சொல்லிப் போடறன்."

நான் கும்பிடு போட்டுவிட்டு மெஷினுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

அந்த வாரத்தில்தான் அவிநாசி ரோட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தது. துணியின் அகலம் ஒரு பக்கம் குறைவாக இருக்கிறதாம். போய்ப் பார்த்து வரச்சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். அங்கே துணி குடோனைப் பார்த்துக்கொள்பவர் தெற்கத்திக்காரர். எப்போதும் கேலியாகப் பேசுவார். நான் பதில் பேசாதவன் என்பதால் அவருக்கு என்னிடம் பேசப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

"வாங்கண்ணே. உங்க மொதலாளி வெவரமான ஆளுல்லா!" என்றார்.

"ஏனுங்க?"

"வீட்டுப் பிள்ளைய எங்க ஆபீஸ்ல சேக்கப் பாத்திருக்காரு. மெர்சண்டைசர் வேலைக்கு. ஆள் உள்ள வந்து ஒக்காந்துட்டா எந்தக் கம்பேக்டிங்காரன் என்ன ரேட்டு குடுக்கான், எந்த ஆர்டர் எப்ப வருதுன்னு எல்லாம் தெரிஞ்சு போகும். பெறவு உங்காளு கொறச்சுப் போட்டு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிருவாரு. நல்ல ஐடியா!"

எனக்குப் புரியவில்லை. "எங்க மொதலாளிக்கு ரெண்டும் பசங்கதானுங்களே" என்றேன்.

"அப்ப தம்பி மகளா இருக்கும். கொழுந்தியா மகளா இருக்கும். மெயிலே உங்க கம்பெனி பேருலதான வந்திருக்கு? எங்க ஹெச்.ஆர். மேடம் பாத்ததுமே சொல்லிட்டாங்க. எடுத்தா வம்பு, வேண்டாம்னு எழுதினா அவரு கோவிச்சுக்குவாரு, பேசாம விட்ருங்கன்னு. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

"உள்ள படிச்சுப் பாத்தாங்களாங்க?"

"அத எதுக்குப் படிக்கணும்? வெளிய பேரப் பாத்தாலே தெரியுதுல்லா!"

அது என் மகள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டிய வார்த்தை பாதி வழியில் நின்றுவிடும். துணியை விரித்து டேப் பிடித்து அளந்தேன். எதை அளந்தேன் என்று எனக்கே தெரியாது. ரோலைத் திருப்பிச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினேன்.

பாலத்தில் வண்டி நின்றபோதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. கவலையைவிட முதலில் வந்தது வியப்புதான். அந்த ஆபீசில் இருந்தவர்கள் யாரும் என் மகளைப் பார்த்ததில்லை. ஒரு சுழியையும் அதற்குப் பின்னால் இருந்த பெயரையும் மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதைக் கொண்டு அவளுக்கு ஒரு முதலாளி வீட்டைக் கொடுத்து, ஒரு பெரியப்பாவைக் கொடுத்து, ரேட்டைத் திருடுகிற தந்திரத்தையும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் லைன் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் என் மகள் அவிநாசி ரோட்டில் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணாக இருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. முதலாளி போன் போட்டு 'நம்ம பொண்ணு' என்று சொல்லிவிட்டால் அப்புறம் திருப்பூரில் எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிடாது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி செக்கிங்கிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னங்க அதிசயம்?" என்றாள். "நான் தெனமும் பாக்கறதுதான். ஒரே துணி, ஒரே தையல். கழுத்துல ஒரு லேபிள் வெச்சா கப்பல் ஏறிப் போகுது. அந்த லேபிள வெட்டி எடுத்துட்டா காதர்பேட்டை மலிவுக் கடைல குமிஞ்சு கெடக்குது. எம்பட புள்ளைக்கு வேற ஊட்டு லேபிள வெச்சுத் தெச்சுப்போட்டாங்க."

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அந்தப் பழைய மெயிலக் குடுத்தா சிரிக்கறாங்க. இதுல அனுப்புனா பயப்படறாங்க. என்னைய எப்பங்கப்பா பாப்பாங்க?" என்றாள்.

"வேற ஒண்ணு போட முடியாதா கண்ணு?"

"போடலாமுங்கப்பா. எல்லாரும் வெச்சிருக்கற சாதா மெயில். காசு கூட வேண்டாம். ஆனா ஓனரு போன் பண்ணிட்டா எதுல அனுப்பியும் பிரயோசனமில்ல. நீங்கதான் அவிய கிட்டச் சொல்லணும்."

"ஏனுங்க, நாளைக்கே வெள்ளிங்க" என்றாள் மனைவி.

நன்மை செய்தவரிடம் போய், நீங்கள் செய்த நன்மையால்தான் கெட்டது என்று எப்படிச் சொல்வது? வேகாத அரிசி மாதிரி அது எனக்குள் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஆபீஸ் அறையில் முருகன் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் போன் இருந்தது. நான் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வா, வா. இப்பத்தான் எடுக்கப்போறன். மொதல்ல யாருக்குப் போடலாம்?"

"வேண்டாமுங்க."

"என்னது?"

"போன் வேண்டாமுங்க, மொதலாளி. உங்க பேரப் பாத்துட்டு அவிய, ரேட்டு தெரிஞ்சுக்கறதுக்கு நீங்க ஊட்டு ஆள அனுப்பறீங்கன்னு நெனச்சுட்டாங்களாமுங்க. அதான் பொண்ணக் கூப்புடலையாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அந்த அறையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். முதலாளி கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னையே பார்த்தார். முகம் சிவந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"யாரு சொன்னா?"

சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான்? வேவு பாக்கறதுக்கு ஆளு அனுப்பறனா?" என்றார். "பில்லு வாங்கறதுக்குப் போனா அவனுக என்னைய அர நாளு வெளிய ஒக்கார வெப்பானுக. டீ கூடத் தரமாட்டானுக. என்னையப் பாத்து அவனுக பயந்துக்கிட்டானுகளா?"

கணக்குப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாம்மா? நம்மளப் பாத்துப் பயப்படறானுகளாமா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று முழுவதும், டீ கொண்டு வருகிறவர் முதல் சாயப்பட்டறைக்காரர் வரை வந்தவர்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னார். ஆனால் முதலில் சிரிப்பு நின்றபோது என்னைப் பார்த்து மெதுவாக, "அப்ப நம்ம பேரால பாப்பாவுக்குக் கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றார். போனை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். "பண்ணல, போ. ஆனா அந்த மெயில அழிக்கச் சொல்லாத. அவ பேருல அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் புது விலாசம் போட உட்கார்ந்தாள். தன் பெயரைப் போட்டாள். வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று வந்தது. இனிஷியலை முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள், நடுவில் புள்ளி வைத்தாள். எல்லாம் போய்விட்டது. எண் சேர்த்தால் கிடைக்கும் என்றது போன். எண்ணே வேண்டாம் என்று விட்டாள். கல்லூரிச் சிரிப்பு அவளுக்கு மறக்கவில்லை. நாங்கள் மருதமலையில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. எங்களுக்கு ஒரே மகள் என்பதால் பெயரும் ஒன்றுதான் இருக்கிறது என்பது போல இருந்துவிட்டேன். உலகத்தில் எத்தனை பெண்கள் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், அத்தனை பேரும் இவளுக்கு முன்னால் வந்து இடம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கடைசியில் இனிஷியலுக்குப் பதில் என் பெயரை முழுதாகப் போட்டு, அதையடுத்து அவள் பெயரைப் போட்டாள். கிடைத்துவிட்டது.

"உங்க பேரு வெச்சாத்தான் குடுக்குதுங்கப்பா" என்று சிரித்தாள்.

சுழிக்குப் பின்னால் இப்போது எந்தக் கம்பெனியும் இல்லை. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற பெயர்தான் இருந்தது. அதே படிப்பு, அதே மார்க்கு, அதே போட்டோ. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மறுபடியும் அதே கம்பெனிகளுக்கு அனுப்பினாள். அடுத்த வாரமே அவிநாசி ரோட்டிலிருந்து நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது. என் மனைவிக்குப் போனைக் காட்டினாள். என் மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்டர்வியூவில் நடந்ததை அவள் வந்து சொன்னாள். ஹெச்.ஆர். மேடம், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். கம்பேக்டிங் ஆபரேட்டர் என்று சொல்லியிருக்கிறாள். எங்கே என்று கேட்டதும் எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"மறைச்சிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"எதுக்குங்கப்பா? அந்த மேடம் ஒடனே நிமுந்து பாத்தாங்க. முன்னாடி அந்தக் கம்பெனி மெயில்ல ஒரு பொண்ணு அனுப்பியிருந்துச்சேன்னாங்க. அதுவும் நான்தானுங்க மேடம்னேன்."

"அப்பறம்?"

"ஆபரேட்டர் பொண்ணாம்மா நீ, நாங்க ஓனர் பொண்ணுன்னு நெனச்சு விட்டுட்டோமேன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறந்தான் என்ற பைலயே தொறந்து பாத்தாங்க. அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்கப்பா."

கேள்விக்கெல்லாம் என்ன சொன்னாள் என்று அவள் சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை. என் தொழிலுக்குக் கௌரவம் உண்டென்று நான் நினைத்ததில்லை. முதலாளியின் பெயர் சாத்திவிட்ட கதவை என் வேலையின் பெயர் திறந்தது. எப்படி என்று யோசித்தால் இன்னும் எனக்கு விளங்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அவள் வேலையில் சேர்ந்தாள்.

சேர்ந்து கொஞ்ச நாளில், நான் மெஷினில் இருக்கும்போது முதலாளி கதவருகே வந்து கையைத் தட்டினார். மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. நான் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு மெயில் இருந்தது. கணக்குப் பெண் எனக்காகத் தமிழில் சொன்னாள்: "நேத்து வர வேண்டிய துணி இன்னும் வரல. இன்னைக்கு எத்தன மணிக்கு வரும்னு ஒடனே பதில் அனுப்பவும்."

கீழே இருந்தது என் மகளுடைய பெயர். சுழிக்குப் பின்னால் அவிநாசி ரோட்டுக் கம்பெனியின் பெயர். கேட்டில் பித்தளையில் மின்னுகிற அதே எழுத்துகள். சுழிக்கு முன்னால் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்தக் கம்பெனியில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லைபோல. என் பெயர் தேவைப்படவில்லை.

முதலாளி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே அதைப் படித்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மேடத்துக்குப் பதில் போடும்மா" என்றார் கணக்குப் பெண்ணிடம். "மத்தியானத்துக்குள்ள வந்துரும், சிரமத்துக்கு மன்னிக்கணும்னு போடு."

"மேடமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பின்ன? எந்தக் கம்பெனிலிருந்து வந்திருக்குது பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்துட்டே நிக்கற? உன்ற பொண்ணுகிட்ட எனக்குத் திட்டு வாங்கிக் குடுத்துருவ போல. போ, போயி அந்த ரோல ஏத்து."

நான் ஓடினேன். ரோலை ஏற்றி, அகலத்தைச் சரிபார்த்து, நீராவியைத் திறந்தேன். துணி சூடாக மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. வழக்கத்தைவிட ஒருமுறை அதிகமாக அளந்து பார்த்தேன். டெம்போ மதியத்துக்குள் புறப்பட்டுப் போனது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"துணி வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துருச்சுங்கப்பா. அகலம் செரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.